நெஞ்சில் முத்து, கையில் கட்டி

புது ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது, இடது கையை மட்டும் கொஞ்சம் தளர்வாக விடச் சொன்னாள் அம்மா. ஏன் என்று தையல்காரம்மா கேட்டதற்கு, "பிடிக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான் வண்டியோடு வாசலில் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்து கையைக் காட்டச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள். பிறகு காட்டினாள். முழங்கைக்கு மேலே, கொண்டைக்கடலை அளவில், பழுப்பாக, கெட்டியாக ஒன்று.

அம்மாவின் நெஞ்சில் ஏற்கெனவே ஒன்று உண்டு. சிவந்து, வழுவழுவென்று, நண்டுக் கால் போலப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அம்மை போட்டதாம். "எம் புள்ளைய உட்டுட்டு என்கிட்ட வா தாயே" என்று அம்மா அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். எனக்கு இறங்கியது, அவளுக்கு ஏறியது. மற்ற வடுக்களெல்லாம் மங்கிவிட்டன. இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது, அரித்தது. எங்கள் வீட்டில் அதற்குத் தழும்பு என்று பெயரில்லை. முத்து என்றுதான் சொல்வோம்.

கையில் வந்ததையும் அம்மா அதோடு சேர்த்துவிட்டிருந்தாள். "இதுவும் முத்துதான். லேட்டா வந்துகீது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அந்தத் தைரியத்தில் இதையும் செல்போனில் தேடினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுமே புற்றுநோய்தான், இரண்டையும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"முத்துல கத்தி வெப்பியா? உன்ன எனக்குத் திருப்பிக் குடுத்ததுக்கு அவ வெச்ச அடையாளம்டா அது."

தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புட்டான்னா உட்டுடலாம்டி. முடிச்சுன்னா பாத்துதான் ஆவணும்." பட்டில் வேண்டுமென்றே எழுப்பி நெய்கிற பூவுக்குத்தான் புட்டா என்று பெயர்; முடிச்சு தானாக விழுகிற குறை.

"நான் இன்னா உன் தறில கீற பொடவையா?"

"பொடவையா இருந்தா இவ்ளோ பேசாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, காட்ட வரேன். வெட்ட வர மாட்டேன்" என்றாள்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நெஞ்சில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்ட கேள்வி எந்தப் படத்திலும் இல்லாதது.

"இந்த இடத்துல முன்னாடி காயம், பரு, அம்மை ஏதாவது இருந்துச்சாம்மா?"

அம்மா வேண்டுதலில் தொடங்கி வேப்பிலை வரை சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். "இது கீலாய்டு" என்றார் (புண் ஆறிய பிறகும் நிற்காமல், புண் இருந்த எல்லையைத் தாண்டி வளர்கிற தழும்பு). "கட்டி இல்ல. சும்மா வெட்டிவிட்டா பெரும்பாலும் இதைவிடப் பெருசா திரும்பி வரும். வெட்ட வேணாம்."

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கையிலயும் அம்மை போட்டுச்சா?"

அம்மா வாயைத் திறந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இதுவும் முத்தாகிவிடும், கத்தி வராது. அது அவளுக்கும் புரிந்துவிட்டிருந்தது. கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ பேர்ல பொய் சொல்லக் கூடாதும்மா. கைல போடல. இது தானா வந்துச்சு."

டாக்டரம்மா அதை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினார். நடுவில் குழி விழுந்தது. "பெரும்பாலும் டெர்மடோஃபைப்ரோமாவா இருக்கும்" (தோலுக்குள் வருகிற, கெடுதல் இல்லாத சிறு கட்டி). "எப்பலேர்ந்து வளருது?"

"பொங்கலுக்குத் தெச்ச ரவிக்கை சரியாத்தான் இருந்துச்சு. இப்போ பிடிக்குது."

அவர் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் வளர்ந்திருந்தால் பயாப்ஸி செய்துவிடுவது நல்லது (எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்துச் சோதிப்பது), கெட்ட கட்டியும் சில சமயம் சாதுவாக வேஷம் போடும் என்றார். "சின்னதுதான், முழுசாவே எடுத்துடலாம். ஆனா ஒண்ணும்மா. உங்களுது காயம் பட்டா வளர்ற தோல். தையல் போட்ட இடத்துலயும் தழும்பு எழும்பலாம்."

வெட்டினால்தான் என்னவென்று தெரியும். வெட்டினால் அங்கேயும் ஒன்று முளைக்கலாம்.

அம்மா என்னைக் காட்டி, "எடுக்கலன்னா இவன் தூங்க மாட்டான். எடுத்துடுங்க" என்றாள்.

கட்டியை எடுத்துத் தையல் போட்டு, அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளோ கையில் கட்டுத்துணியோடு தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "வலி ஒண்ணும் இல்ல. நீ கேக்கறதுதான் பேஜாரா கீது."

முடிவு வந்தது. கெடுதல் இல்லாத கட்டிதான். பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"இன்னா போட்டுக்கீது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்ளோ எழுதிக்கீறாங்க?"

எனக்கு அழுகை வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அத்தனை பேர் நடுவில்.

நெஞ்சில் இருப்பதற்கு ஊசி (தழும்புக்குள்ளேயே போடுகிற ஸ்டீராய்டு மருந்து). நன்றாக வலிக்கும். "அரிப்பு போவட்டும், முத்து போவக் கூடாது" என்று அம்மா நிபந்தனை போட்டாள். முழுசாகப் போவது கஷ்டம் என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னது அவளுக்கு ஆறுதலாகிவிட்டது. இப்போது அரிப்பு அடங்கி, கொஞ்சம் தணிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி ஒன்று இருக்கலாம். படங்களோடு ஒப்பிட்டு என்னைப் போல நடுங்காதீர்கள். பொருட்படுத்தாமலும் விடாதீர்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, எப்போதிலிருந்து வளர்கிறது என்று அது இருப்பவரிடமே கேளுங்கள். பிறகு தோல் டாக்டரிடம் போங்கள். தழும்பா கட்டியா என்று விரலால் தொட்டுப் பார்த்து நாம் சொல்லிவிட முடியாது.

அம்மாவின் கையில் தையல் போட்ட இடம் மெல்ல எழும்பியிருக்கிறது. சிலிக்கான் பட்டை ஒட்டுகிறோம் (தழும்பை அமுக்கி வைக்கும் மெல்லிய பட்டை). இதுவரை தையல் கோட்டைத் தாண்டவில்லை. அப்படியே நின்றால் நாளாக ஆக அடங்கிவிடும், தாண்டினால் இங்கும் ஊசிதான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாதங்கள் போனால்தான் தெரியும். முன்பென்றால் ஒரு நாள்கூட என்னால் பொறுத்திருக்க முடியாது. இப்போது பட்டையை மாற்றும்போது விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என் வேலைக்குப் போகிறேன்.

போன வாரம் மறுபடியும் தையல்காரம்மாவிடம் கூட்டிப்போனேன். இடது கையை இந்தத் தடவையும் தளர்வாக விடச் சொன்னாள் அம்மா.

"இன்னும் பிடிக்குதா?"

அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, நன்றாகக் காட்டினாள்.

"நெஞ்சுல கீறது அவ போட்டது. இது எம் புள்ள போட்ட முத்து. பாத்து தெய்."