ஓரம் இல்லாத கட்டங்கள்

விதி தெளிவாகவே இருந்தது: "அனுப்பப்படும் வடிவம் எல்லையற்ற தளத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்." 'லைஃப்' என்னும் கணினிக் கட்ட விளையாட்டில் புதிய வடிவங்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் ஓர் இணையக் குழுவின் இரண்டாம் நிபந்தனை அது. முதல் நிபந்தனை, அனுப்புபவரின் பெயரைக் குறிப்பிடுவது. நாங்கள் முதலாவதை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தோம்.

1. பேனர்

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கணினித் துறைத் தலைவியாக இருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். யூசுப் என் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர், கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். தன் மகளை அவர் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. இவரைக் கண்டு பயந்து அழுதாளாம். "இனிமே ஏறுனா பஸ்ஸுதான் மேடம், ஃப்ளைட்டு கெடையாது" என்பார்.

லைஃபின் சட்டம் சிறியது. ஒரு காலிக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் சரியாக மூன்று உயிரோடு இருந்தால் அது பிறக்கும். உயிருள்ள கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ துணை இருந்தால் நீடிக்கும், இல்லாவிட்டால் சாகும். இவ்வளவு சுருக்கமாக ஒரு சுற்றறிக்கை என் கைக்கு வந்ததே இல்லை. தொடக்க வடிவத்தைப் பொறுத்து உயிர்க்கட்டங்களின் எண்ணிக்கை அடங்கிவிடும், அல்லது சீராக ஏறும், அல்லது வெடித்துப் பெருகும். யூசுப் கட்டியது வேறு மாதிரி. அதில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சமிக்ஞை போய்ப்போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் தூரத்து முனை கொஞ்சம் விலகி, ஒரு சின்னச் சதுரத்தை விட்டுவைக்கும். தூரம் நீள நீள அடுத்த சதுரம் இன்னும் தாமதமாகும். வளர்ச்சி தயங்கிக்கொண்டே போகும், ஆனால் நிற்காது. எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டால் கோடு மேலே ஏறி, மெல்லச் சாய்ந்து படுக்கும். அழகான கோடு.

அந்த வருஷம் ஒப்பந்தக்காரர்களைக் குறைக்க நிர்வாகம் முடிவு செய்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "ஆய்வுக்குழு வருது மேடம். யூசுப்போட டிசைன அந்த இன்டர்நெட் குழு ஒத்துக்கினா, டிபார்ட்மெண்ட் சாதனைன்னு ஃபைல்ல வெச்சி அவரு ரின்யூவல்ல கையெழுத்துப் போட்டுர்றேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அனுப்பினோம். மறுநாளே கல்லூரி வாசலில் யூசுப்பின் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது. 'உலக சாதனை' என்று போட்டிருந்தார்கள். சாதனையை ஏற்பதற்கு முன்பே கொண்டாடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்பது உண்மைதான்.

2. நேர்கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு மடிக்கணினியில், எல்லையில்லாத தளம் உள்ள வேறொரு மென்பொருளில் அந்த வடிவத்தை ஓட்டினேன். சந்தேகத்தால் அல்ல; அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்க்கும் ஆசை. கோடு சாயவில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஏறிக்கொண்டே இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வடிவத்துக்குள் 'கன்' என்ற அமைப்புகள் இடைவிடாமல் 'கிளைடர்' என்ற நகரும் பூச்சிகளைக் கக்கும். வேலை முடிந்த பூச்சிகளை விழுங்க ஒவ்வொரு கன்னுக்கும் எதிரே ஓர் 'ஈட்டர்' வேண்டும். ஒரு கன்னுக்கு எதிரே அது இல்லை. எங்கள் லேப் மென்பொருளில் வலது ஓரத்தில் வெளியே போவது இடது ஓரத்தில் உள்ளே வரும். பாடம் நடத்தும்போது கிளைடர் தொலையக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. வருஷக்கணக்கில் அதிலேயே வேலை செய்து, தளம் என்றாலே அப்படித்தான் என்று எங்கள் கண் பழகியிருந்தது. தப்பிய பூச்சிகள் சுற்றிவந்து, வேறு வேலைக்கு வைத்திருந்த ஈட்டரின் வாயில் விழுந்திருக்கின்றன. உண்மைத் தளத்தில் அவை திரும்பி வருவதே இல்லை. எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

இணையக் குழுவில் ஒருவர் ஒருமுறை ஓட்டினால் போதும், இது தெரிந்துவிடும்.

3. கடிதம்

திங்களன்று லேபில் யூசுப்புக்குக் காட்டினேன். முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டினார். "அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்குதே மேடம்" என்றார். மௌஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரின்சிபாலுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. யூசுப்பையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், பேஜாரு பண்ணாதீங்க. அவங்க பாக்கறதுக்குள்ள ஆய்வுக்குழு வந்துட்டுப் போயிடும். சும்மா இருங்க."

"பார்த்துட்டா சார்?"

"ஃப்ளெக்ஸ் வெச்சாச்சு மேடம்!"

"ஃப்ளெக்ஸ் வெச்சா பிழை சரியாயிடும்னு எந்த ரூல்ல இருக்கு?"

அவர் யூசுப் பக்கம் திரும்பினார். "இன்னா பாய், நீங்களாவது சொல்லுங்க. போவப்போறது உங்க வேலதான்."

யூசுப் எழுந்து நின்றார். "என் பேருல பொய்யா ஒண்ணு ஓடிக்கினு இருந்தா, ஃபோன் அடிக்கும்போதெல்லாம் பயந்துக்கினே கெடக்கணும் சார். எழுதிர்றேன்."

பயந்துதான் சொன்னார். ஆனாலும் பிழையை ஒப்புக்கொண்டு இணையக் குழுவுக்கு எழுதினார்.

குழுவின் நடைமுறைப்படி அனுப்பியதைத் திருத்த முடியாது. திரும்பப் பெற்று, புதிதாக அனுப்பி, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஏழு கட்ட ஈட்டர் ஒன்றை எங்கே வைத்தாலும் முதலில் வடிவம் உடைந்தது; தெறித்த துண்டுகள் அசையாமல் நிற்கும் முனையில் மோதி எல்லாவற்றையும் கலைத்தன. ஒரு மதியம் ஓர் இடம் பொருந்தியது. கோடு சாய்ந்து படுத்தது. இந்த முறை யூசுப் அதை நம்பவில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போலவே ஏன் நடந்தாக வேண்டும் என்று படிப்படியாக எழுதி முடித்த பிறகே அனுப்பினார். நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பதில் முகவரி துறையின் மின்னஞ்சலாக இருக்க வேண்டும். அதுதான் முறை.

ஆய்வுக்குழு வந்தது. "ஏற்றுக்கொண்டார்களா?" என்று கேட்டது. "ப்ராசஸ்ல இருக்கு" என்றார் பிரின்சிபால். குழுவினர் ஏதோ குறித்துக்கொண்டார்கள். ரின்யூவல் தாள் கையெழுத்தில்லாமல் அவர் மேஜையிலேயே கிடந்தது. அதன் பிறகு தினமும் காலையில் முதல் வேலையாகத் துறை மின்னஞ்சலைத் திறப்பேன். யூசுப் வாசலில் நின்று கேட்பார்: "வந்துதா மேடம்?" பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார், நின்று என் முகத்தை மட்டும் பார்ப்பார். ஒருநாள் அபுதாபியில் இருக்கும் மச்சானிடம் அவர் மெல்லிய குரலில் ஃபோனில் பேசுவதைக் கேட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கோடு அழகாகச் சாய்ந்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். உங்கள் கருவியில் ஓரம் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் ஓர் எண்ணையும் நம்பாதீர்கள். பிழையை நீங்களே முதலில் சொல்லுங்கள். அதனால் வேலை பிழைக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

இணையக் குழுவின் பதில் நான்கு வரி. குறையை அவர்கள் பார்ப்பதற்கு முன்பே தெரிவித்ததற்கு நன்றி, புதிய வடிவம் சரியாக ஓடுகிறது, நிரூபணம் ஏற்கப்பட்டது, பட்டியலில் யூசுப்பின் பெயர் சேர்க்கப்பட்டது. அது துறையின் முகவரிக்கே வந்தது. பேனர் அப்போதும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது; இறக்கச் சொல்லி யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. யூசுப்பின் ஒப்பந்தம் மே 31 அன்று முடிந்தது. அவர் அபுதாபிக்கு விமானம் ஏறியது ஜூன் 17. பதில் வந்தது ஜூன் 19.