முன்பல் இல்லாத நாய்

ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு எண்பத்திரண்டு. சட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் அண்மையில் மாற்றிவிட்டார்கள். நல்லவேளையாக ஏழு வயதில் கை வைக்கவில்லை. ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இப்படிப்பட்ட வரிகள் எனக்கு மனப்பாடம். 1990இல், விளாங்குடியில், எங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் என் மாமாவின் தொப்புளைச் சுற்றி ஊசி ஏறியிருக்காது.

அப்போது எனக்கு ஆறு வயது. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது; பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தார். தேறிவிட்டால் ஒரு மில் ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. அந்த நேரத்தில்தான் அவருக்கு என் பல்லின்மேல் அக்கறை வந்தது.

"வாயத் தொற மாப்ள. ஆடுதான்னு பாத்துட்டு விட்டுர்றேன்" என்றார்.

பெரியவர்கள் பல்லைப் பற்றிச் சொல்லும் பொய்களில் இதுதான் மூத்தது. அவர் விரல் பல்லைப் பிடித்ததும் நான் வாயை மூடிவிட்டேன். பல் கையோடு வந்தது. அந்த வகையில் அவர் எடுத்த காரியம் முடிந்தது. ஆனால் மற்ற பற்கள் அவருடைய வலதுகை ஆள்காட்டி விரலின் மூட்டில் இறங்கியிருந்தன.

"சின்னப்புள்ள பல்லு, என்ன செஞ்சிரும்" என்று அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். மறுநாள் விரல் வீங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன மாமா, திரும்பும்போது விரலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நாய்க்கடின்னு சொல்லிட்டேன்க்கா."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"சீட்டு எழுதுறவன் என்ன கடிச்சதுன்னான். சட்டுன்னு வாயில வந்திருச்சு. யாரு வீட்டு நாய்ன்னான், எங்க அக்கா வீட்டு நாய்ன்னேன். ஒழுங்காத் திங்குதான்னான். காலைல நாலு இட்லி தின்னுச்சுன்னேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்கால நடைமுறை இது: கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும், அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை கடிபட்டவருக்குத் தினமும் வயிற்றில் ஊசி. என்னைக் கட்டிப்போடவில்லை. ஆனால் நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், "தண்ணியப் பாத்துப் பயப்படல மாப்ள" என்று அப்பா மாமாவுக்குத் தகவல் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் மாமா என்னைய நாய்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"போடா மாப்ள" என்றார். பதில் அவ்வளவுதான். நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

நாலாவது ஊசிக்குப் போன அன்று விரல் கத்தரிக்காய்போல் வீங்கிப் பழுத்திருந்தது. ஊசி போடும் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மாமாவை ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கட்டைப் பிரித்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாராம்.

"இந்த நாய்க்குக் கீழ முன்பல்லு ரெண்டு இல்லையே. எத்தனாவது படிக்குது?"

"ஒன்னாப்பு மேடம்" என்று மாமா ஒப்புக்கொண்டார்.

அன்றே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"நாய்க்கடி ஊசி இதுக்கு ஒன்னும் கேக்காதும்மா. மனுசன் வாயிலயே கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நாக்குல ஒரு கூட்டம், பல்லுமேல ஒரு கூட்டம், ஈறுக்கடியில காத்தே ஆகாத ஒரு கூட்டம். அதது எடத்துல இருக்கிறவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. மூட்டுக்குள்ள எறங்குனாத்தான் வம்பு. கழுவி விட்டிருக்கேன், மருந்து ஏத்துறேன். கேக்கலைன்னா விரல எடுக்க வேண்டி வரும்."

மாமா அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது போனால் ஹையரும் போச்சு, மில் வேலையும் போச்சு. பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். "அதெல்லாம் எழுத மாட்டேன். வெளையாட்டுல பல்லு பட்டுச்சுன்னு போட்டாச்சு. பேசாமப் படுப்பா" என்றார் அவர். மாமா அப்போது விட்ட பெருமூச்சு விரலுக்கானது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். என் வாயில் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சிலர் மாமாவின் விரலில் போய்க் குடியேறிவிட்டார்கள். ஊரையே காலி செய்துவிட்டால், போனவர்களும் ஆதரவில்லாமல் ஒடுங்கிவிடுவார்கள். காலை, மதியம், இரவு என்று பல்பொடி போட்டுத் தேய்த்தேன். உப்புத் தண்ணீரைத் தொண்டைவரை விட்டுக் கொப்பளித்தேன். பேசாமலிருப்பது வேறு, விரல் போவது வேறு அல்லவா? "பல்பொடி அம்புட்டையும் திங்கிறானா என்ன?" என்று அம்மா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

வீக்கம் வடிந்தது. ஊரைக் காலி செய்த பெருமையை நான் எடுத்துக்கொண்டேன். டாக்டரின் மருந்தும் கொஞ்சம் உதவியிருக்கலாம். சீழைப் பரிசோதித்த முடிவும் வந்தது: வாயில் வழக்கமாக வாழும் கிருமிகள்தான், வேறெதுவும் இல்லை. என்னிடம் விசேஷமாக விஷம் ஏதுமில்லை என்று அரசாங்கமே சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி.

கட்டைப் பிரித்த அன்று மாமா விரலை மெதுவாக மடக்கி நீட்டினார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, பத்து விரலாலும் தடதடவென்று தட்டினார். "என்ன டைப் அடிச்சேன், சொல்லு மாப்ள." தெரியாது என்றேன். அதுவரை பேசாமலிருந்தது அப்படித்தான் முறிந்தது. அவர் பரீட்சையில் தேறினார். மில் வேலையும் கிடைத்தது. நாய் என்று சொன்னது மட்டும் எனக்குள் ஒரு ஓரத்தில் கிடந்தது.

நான் ராணுவத்துக்குத் தேர்வானதும் போலீஸ் விசாரணைக்காக ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். மாமாதான் டீ வாங்கி வந்து கொடுத்தார். "பையன் மேல கேஸ் கீஸ் ஏதும் உண்டா?" என்று கேட்டார் கான்ஸ்டபிள்.

"ஒன்னுங் கெடையாதுண்ணே. மனுசன் கடிச்சா போலீசுக்கு எழுதி அனுப்பிருவாங்கன்னு ஆஸ்பத்திரி வரிசையில பேசிக்கிட்டாங்க. சின்னப்பய பேரு ஏன் ஸ்டேஷனுக்குப் போகணும்னுதான் நாய்னு சொல்லி நாலு ஊசி போட்டுக்கிட்டேன்."

கான்ஸ்டபிளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிரிவு எண்பத்திரண்டை நான் படித்தது அதற்கும் பிறகுதான். மாமாவிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த தேதி: 15 செப்டம்பர் 2003, திங்கட்கிழமை.