டாக்டர் முன்னால் நொண்டாத நாய்

எங்கள் வீட்டில் நோவை வெளியாட்களிடம் காட்டுகிற வழக்கம் இல்லை. அப்பா கால் வீங்கிக் கிளினிக்குக்குப் போனபோதும், நர்ஸ் கேட்டதற்கு "ஓகே லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர். பதின்மூன்று வருடமாக எங்களோடு இருக்கும் நாயும் இதைக் கற்றுக்கொண்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜெலுத்தோங்கில் எங்களுடையது மாடி வீடு. நானும் அண்ணியும்தான். நாய் மாடியில் என் கட்டிலுக்குக் கீழே படுப்பான். போன வருடம் அவனுக்குப் பின்னங்கால் மூட்டு இறுகிப்போய், இரண்டாம் படிக்கு மேல் ஏற முடியவில்லை. கீழே நின்று அழுவான். தூக்கலாம் என்றால் முப்பது கிலோ. அதனால் நான் பாயை எடுத்துவந்து, படிக்கட்டின் அடியில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் படுக்கத் தொடங்கினேன். மூன்று மாதம் அப்படிப் போனது. அண்ணி அவன் காலில் தைலம் தடவினார். அவன் அதை நக்கிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தும்மினான்.

மாதம் ஓர் ஊசி போட்டால் நாய்க்கு மூட்டு வலி குறையும் என்று பிறை என்ற ஊரில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் சொன்னாள். அவனை மிருக கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

வாசல்வரை நொண்டியவன், மருந்து வாசனை பட்டதும் நிமிர்ந்தான். டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத தமிழ்ப் பெண். கூடத்தில் நடக்கவிடச் சொன்னார். அணிவகுப்பில் போகிற போலீஸ்காரன் மாதிரி நடந்தான். காலை மடக்கிப் பார்த்தார். வாலை ஆட்டினான்.

"நல்லாத்தானே நடக்குறான், ஆன்ட்டி?"

"வீட்ல இப்படி இல்ல, டாக்டர்."

"கெரேத்தாவுல, பின் சீட்டுல படுத்து வரும்போதுகூட அழுதான்," என்றார் அண்ணி.

"சில நாய் இப்படித்தான். இங்க வந்தா பயத்துல வலிய மறைச்சிரும். வீட்ல நடக்குற வீடியோ இருக்கா?"

இருந்தது. பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாக எடுத்தது. அதில் ஒரு நிமிடம் முழுக்க என் கட்டைவிரல்தான் தெரிந்தது.

"அப்ப வேற எடுத்துட்டு வாங்க. ஆனா அடுத்த ரெண்டு வாரம் நான் லீவு."

இன்னும் இரண்டு வாரம் அவன் அழவேண்டும். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குற? நீதான கூடவே படுக்குற. செஞ்சு காட்டு."

கூடத்தில் தொப்பி போட்ட முஸ்லிம் பாய் ஒருவர் பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, நாலு காலில் இறங்கினேன்.

வலது காலை இழுத்து நடந்தேன். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தேன். படி வந்தால் அவன் செய்வதுபோல ஒரு கையைத் தூக்கி வைத்து, திரும்பிப் பார்த்து, உட்கார்ந்தேன்.

"உக்காரும்போது நேராவா, சாஞ்சா?" டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

சாய்ந்து காட்டினேன்.

"அழுற சத்தமும் போடுங்க, அக்கா. அப்பத்தான் டாக்டருக்கு வெளங்கும்," என்றார் பாய். கேலியா, உதவியா, தெரியவில்லை. அழுதேன். கூடைக்குள் பூனை சீறியது. எங்கள் நாய் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாரோ எவளோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இடது காலுன்னுதான் நெனக்கிறேன்," என்றார் அண்ணி பின்னாலிருந்து.

யோசித்துப் பார்த்தால் இடதுதான். திரும்பச் சுவர்வரை போய், இடது காலை இழுத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் அவன் இடுப்பில் ஓரிடத்தை அழுத்தினார். இப்போது லேசாக முனகினான். எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் பார்த்து, கழுத்துத் தோலைத் தூக்கி அதற்கு அடியில் ஊசி போட்டார்.

"கால்ல போட மாட்டீங்களா, டாக்டர்?"

"எந்தக் கால் வலிச்சாலும் ஊசி இங்கதான், ஆன்ட்டி."

என் முட்டி எரிவது அப்போதுதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலேயே அவன் படியேறினான். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தான். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். இரண்டாம் படியில் முட்டி மடங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று போனேன். அவன் காத்திருந்தான்.

அடுத்த மாத ஊசிக்குப் போனபோது டாக்டர் அவனைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் நொண்டுறீங்க?"

"ஓகே லா, டாக்டர்," என்று சொல்லிவிட்டு, அவனைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கடைசிவரை நேராக நடந்து காட்டினேன்.