எர்னா நோவாக் அஞ்சிய மண்

எர்னா நோவாக்குக்கு இடி என்றால் பயம், கடல் என்றால் பயம், மெல்போர்ன் சாலைகள் என்றால் பயம். ஆனால் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பரோசா பள்ளத்தாக்கில் அவரைத் தெரிந்தவர்கள் கேலி செய்வது ஒரே ஒரு பயத்தைத்தான்: அடுத்தவர் காலணியில் ஒட்டியிருக்கும் மண்.

பள்ளிப் படிப்பை விட்ட வருடத்திலிருந்து க்ரும்பாக் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்வது அவர் வேலை. தேவாலயத்தை ஒட்டிய, ஷிராஸ் ரகக் கறுப்புத் திராட்சைப் பகுதிதான் தோட்டத்தில் மூத்தது. கப்பலேறி வந்த முதல் தலைமுறை நட்டது. கம்பி கிடையாது, பாசனம் கிடையாது. ஒவ்வொரு கொடியும் முறுக்கிக்கொண்டு தனி மரமாக நிற்கும். அங்கே ஒயின் தயாரிக்கும் நாங்கள் அந்தப் பழத்தைக் கையால் பறித்து, வேறு எதோடும் கலக்காமல், திறந்த சிமெண்ட் தொட்டியில் நொதிக்கவிட்டு, மரக்கூடையில் வைத்து மெல்ல அழுத்திப் பிழிவோம். ஐரோப்பாவில் இந்த வயதுக் கொடிகளை, காலணி மண்ணில் ஒட்டிப் பரவும் வேர்ப்பேன் என்ற பூச்சி தின்று தீர்த்துவிட்டது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் சில இடங்களில் இன்றும் இருக்கிறது. எங்கள் மாநிலத்துக்குள் வரவில்லை. வந்தால் மருந்து இல்லை. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

எர்னாவின் மகன் கர்ட், பேன் பிடித்த அந்தப் பகுதியிலிருந்து பெண் எடுத்தான்.

கல்யாண விருந்து தோட்டத்து முற்றத்தில். வாசலில் பிளீச்சிங் கரைசல் தொட்டி வைத்து, ஒவ்வொரு விருந்தாளியின் காலணியையும் எர்னாவே நனைத்து அனுப்பினார். பெண்ணின் அப்பா டெஸ் கார்மடி மட்டும் வாசலுக்கு வராமல், புகை பிடிக்கப் பின்வேலி வழியாகத் தோட்டத்துக்குள் போய்விட்டார். காலையில் மழை பெய்திருந்ததால் சொந்தத் தோட்டத்து பூட்ஸைப் போட்டிருந்தார். எர்னா பார்த்தபோது, பழைய கொடிகளுக்கு நடுவே மண்டியிட்டு ஈர மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அசையாதீங்க!"

"ஏன், பாம்பா?"

"பூட்ஸக் கழட்டுங்க. இப்பவே."

"நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன், சம்பந்தியம்மா. நானும் கொடி வெக்கிறவன்தான்."

"குதிகால் இடுக்குல என்ன அது?"

டெஸ் குனிந்து பார்த்தார். காய்ந்த களிமண். அவர் முகம் சிவந்தது.

"அம்மா, மானத்த வாங்காத!" என்றான் கர்ட்.

"அடுத்து பேண்டையும் கழட்டச் சொல்லுவியா, எர்னா?" என்று யாரோ கத்த, முற்றமே சிரித்தது. எர்னா சிரிக்கவில்லை. கேக் மேசை விரிப்பை உருவிவந்து மண்ணில் விரித்தார். டெஸ் காலுறையோடு அதன்மேல் நடந்து வெளியே வந்தார். பூட்ஸும் விரிப்பும் பிளாஸ்டிக் பைக்குள் போயின. நடனம் தொடங்கும் முன்பே டெஸ் கிளம்பிவிட்டார். அதன்பிறகு எர்னாவோடு பேசவில்லை.

எர்னா அன்றே மேலாளரிடம் சொன்னார். பேன் வந்திருந்தாலும் வெளியே தெரியச் சில வருடம் ஆகும். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடை வந்தால் எர்னாவுக்குச் சோறு இறங்காது. வேலைக்கு வந்ததும் முதலில் அந்த வரிசைக்குத்தான் போவார், இலை இலையாகத் தடவிப் பார்க்க.

மூன்றாவது கோடையில், சுற்றிலும் பச்சையாக நிற்க, அந்த வரிசையில் ஏழெட்டுக் கொடிகள் மட்டும் மஞ்சளாயின.

தோட்டத்து ஆய்வகத்தில் இருந்த என்னிடம் எர்னா வந்தார். "தம்பி, வந்துருச்சுப்பா."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போய் ஒயின் தயாரிப்புப் படித்தவன் நான். ஆனால் வேர்ப்பேனைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். வேளாண் துறை அதிகாரி மறுநாள்தான் வருவார். அந்தப் பேனைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர் எங்களுக்குத் தெரிந்து டெஸ்தான். மஞ்சளான கொடிகளருகே நின்று எர்னா கைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"டெஸ், நான் எர்னா."

டெஸ் நேராகக் கேட்டார், "எத்தன கொடி?"

"ஏழெட்டு."

"தோண்டுங்க. நுனி வேரப் பாருங்க, நூல் மாதிரி இருக்கும். கொக்கியா வளைஞ்சு, மஞ்சளா வீங்கியிருக்கா?"

பிளீச்சில் நனைத்த மண்வெட்டியால் தோண்டினேன். எர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூதக்கண்ணாடியை வேரருகே கொண்டுபோனேன்.

"வீக்கம் இல்ல சார். கறுப்பா, கொழகொழன்னு இருக்கு."

"நாறுதா?"

"சாக்கடை மாதிரி."

"பேன் பிடிச்ச என் கொடிங்க நாறல. சும்மா வாடுச்சுங்க. ஈரம் இல்லாம வேர் அழுகாது. ஜனவரிக் கோடையில அங்க ஈரம் எப்படி வந்துச்சு?"

தேவாலயத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாய் அந்த வரிசைக்கு அடியில்தான் ஓடுகிறது. குழிக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

"குழாய் கசியுதுங்க" என்றேன்.

டெஸ் பெருமூச்சு விட்டது கேட்டது. "இருந்தாலும் ஆள் வந்து பாக்குற வரைக்கும் நம்பாதீங்க. எர்னா, மூணு கோடையா ஃபோன் அடிச்சாலே நீங்கதான்னு பயந்துக்கிட்டே எடுப்பேன்."

"நான் ஒரு தடவகூட அடிக்கலையே!"

"அதனாலதான் இன்னும் பயம். சொல்லக்கூடத் தோணாம அழுதுக்கிட்டு இருக்கீங்களோன்னு."

மறுநாள் அதிகாரி வந்தார். வரிசை முழுக்கத் தோண்டிப் பார்த்தார், மாதிரி எடுத்துப் போனார். அடுத்த வாரம் முடிவு வந்தது: வேர்ப்பேன் இல்லை. அழுகிய கொடிகளில் மூன்று மட்டும் பிழைக்காது.

நாங்கள் கைதட்டினோம். எர்னா தட்டவில்லை. "அடுத்த கோடையும் ஆள் அனுப்புவீங்கள்ல?" என்று அதிகாரியிடம் ஃபோனில் கேட்டு, ஆமாம் என்ற பதில் வந்த பிறகுதான் உட்கார்ந்தார். உடனே டெஸ்ஸுக்குச் சொல்ல எண்ணை அழுத்தினார். அவசரத்தில் முதல் இரண்டு தடவையும் அழைப்பு யார் யாருக்கோ போனது.