கோதண்டம் சாரின் துண்டும் கான்ஃபரன்ஸ் கோடும்

கோதண்டம் சார் செத்துப் போனார். காலையில் பழைய மில் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

"டெலிபோன் மேதை", "இவர் இல்லாவிட்டால் மில்லில் ஒரு போன் கால் கூடப் போயிருக்காது" என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளுகிறார்கள். நான் ஒரு கும்பிடு எமோஜி கூடப் போடவில்லை.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் டெலிபோன் ஆபரேட்டர். புரொபேஷன்தான். அப்பா படுத்த படுக்கை... வேலை கன்ஃபர்ம் ஆகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

சார் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், டிபன் பாக்ஸும் தலைக்கனமுமாக.

மில்லில் ஒரு கான்ஃபரன்ஸ் பெட்டி உண்டு. முதலாளி, ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட் மேனேஜர், பம்பாய் பார்ட்டி மூவரையும் ஒரே லைனில் சேர்க்கும். அதற்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தருகிற சர்வீஸ் கோடு என்கிற நம்பரை அதற்குள் பதிந்து வைக்க வேண்டும்.

பதிவதற்கு முன்னால் ஒரு ரகசிய நம்பர் அழுத்த வேண்டும். அது சாருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் அழுத்துகிற அழகைப் பார்க்க வேண்டுமே... தோளில் கிடக்கும் துண்டை எடுத்து போன் மேல் போர்த்தி, உள்ளே கையை விட்டு அழுத்துவார். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற மாதிரி.

விரலைத்தான் மறைத்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு சத்தம் வருமே, அது மேதைக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்கக் காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். இரண்டாம் தடவையே ஆறு நம்பரும் மனப்பாடம்.

ஒரு ஆடி மாதம் எக்ஸ்சேஞ்சை மாற்றினார்கள். கோடும் மாறியது. புது கோடு வந்த லெட்டரை நான்தான் அவர் கையில் கொடுத்தேன்.

"ஆடில புதுசா எதையும் மெஷின்ல ஏத்தக் கூடாதும்மா. ஆவணி பொறக்கட்டும், நல்ல நேரம் பாத்துப் போடுறேன்."

"அதுக்குள்ள கான்ஃபரன்ஸ் கேட்டா என்ன சார் செய்ய?"

"கேக்க மாட்டாவ. எனக்குத் தெரியாததா?"

லெட்டரை டிராயரில் போட்டுவிட்டு ஆடிப்பூரத் தேருக்கு லீவில் போய்விட்டார்.

மறுநாளே கேட்டார்கள். பம்பாய்க்காரர் ஹலோ ஹலோ என்று கத்துகிறார், லைன் அறுந்து அறுந்து விழுகிறது. நம்பர் என் நாக்கு நுனியில் இருக்கிறது... அழுத்தினால் ரகசியம் திருடியவள் என்று வெளியே அனுப்புவார்கள்.

லீவு முடிந்து வந்த சார் முதலாளியிடம் என் எதிரிலேயே சொன்னார். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல முதலாளி. அந்தப் பிள்ளதான் தப்பா அழுத்தியிருக்கு."

எனக்கு மெமோ வந்தது. "நாளைக்கும் இப்பிடி ஆச்சுன்னா நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி. சார் அப்போதும் டிராயரிலிருந்து அந்த லெட்டரை எடுக்கவில்லை.

அன்று எல்லோரும் சாப்பிடப் போனபோது ரகசிய நம்பரை அழுத்தி, டிராயரில் கிடந்த லெட்டரைப் பார்த்துப் புது கோடு நம்பரை நானே பதிந்தேன். லெட்டரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் கான்ஃபரன்ஸ் கண்ணாடி மாதிரி பேசியது. "கோதண்டம் வந்து கை வச்சதும் சரியாயிருச்சு பாத்தியளா" என்றார் முதலாளி. கையே வைக்காத மனிதர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

வடிகட்டின அயோக்கியத்தனம்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார்.

"யாரு போட்டான்னு நான் கேக்கல. நீயும் மெமோவப் பத்திப் பேசாத. என் கவனக்குறைவுன்னு ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துரு, கன்ஃபர்ம் ஆயிரும்."

எழுதிக் கொடுத்தேன். கன்ஃபர்ம் ஆனது. அவருக்கு அந்த வருஷம் புரொமோஷன்.

நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேன் பிடித்திருக்கிறார்களாம், வருகிறீர்களா என்று குரூப்பில் கேட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த மன்னிப்பு லெட்டரில் கையெழுத்துப் போடும்போது அழுதேன் சார். இன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை.

போய்ச் சேருங்கள்.