ஆறு இருக்க வேண்டிய இடம்

எங்கள் கிளப்பின் சிற்றம்பு எறியும் பழைய டார்ட்ஸ் பலகையைக் கறையான் தின்றிராவிட்டால் எனக்கு இந்தக் குழப்பம் எதுவும் வந்திருக்காது.

கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோர்க் குவாட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். அதுதான் கிளப். முன்பிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் விட்டுப்போன பலகை அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒரு மாரி மழைக்காலத்தில் அது உள்ளுக்குள் மண்ணாகிப்போக, இலக்கங்கள் இருந்த கம்பி வளையத்தோடு சேர்த்தே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஸ்டோர்கீப்பர் அண்ணை வேலியில் நின்ற முள்முருக்கைத் தறித்து, வட்டமாக அறுத்து, புதிதாக ஒன்று செய்தார். முள்முருக்கு மென்மையான மரம். அம்பு குத்தினால் நிற்கும். ஒன்றிலிருந்து இருபது வரை இலக்கங்களை மணிக்கூட்டில் இருப்பதுபோல வரிசையாக, வெள்ளைப் பெயின்றால் அவரே எழுதினார். அதற்குப் பிறகுதான் நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு அந்தக் கந்தோருக்குத் தற்காலிகமாக வேலைக்கு வந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த டார்ட்ஸ் பலகை அது ஒன்றுதான்.

பின்னேரங்களில் வட்டக்கச்சி வீட்டுக்குச் சைக்கிளை மிதிக்காமல் அங்கேயே நின்று எறிவேன். ஆட்டம் எளிது. முந்நூற்றொன்றில் தொடங்கி, குத்திய இலக்கங்களைக் கழித்துக்கொண்டே போய்ச் சரியாகப் பூச்சியத்தில் முடிக்க வேண்டும். கடைசி எறி மட்டும் விளிம்பில் இருக்கும் ஒடுங்கிய இரட்டை வளையத்தில் விழ வேண்டும். அங்கே விழுந்தால் இலக்கம் இரண்டு மடங்கு. நான் இருபதுக்குச் சற்று இடதுபுறமாகக் குறிவைப்பேன். பிசகினாலும் பத்தொன்பது கிடைக்கும். கிளப்பில் எல்லாரையும் வென்றுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் சாம்பியன் போட்டி என்று தகவல் வந்தது. வன்னிக்கு ஒரே ஓர் ஆள். எங்கள் கிளப்பில் முதலாவதாக வந்த நானும் முல்லைத்தீவில் முதலாவதாக வந்தவரும் மோத வேண்டும், வெல்பவர் கொழும்புக்கு.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கொழும்புக்குப் போய் என்ன செய்யப் போறாய்?"

"எறியப் போறன்."

"கல்லையோ?"

விளங்கப்படுத்தினேன். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "வெண்டால் போ. அங்கையே ஒரு வேலை பாக்கிறதெண்டாலும் பார். தோத்தால் காலபோக விதைப்புக்கு வயலுக்கை இறங்கு. பிறகு கந்தோர், கொழும்பு எண்ட கதை இந்த வீட்டிலை இருக்கக்கூடாது."

ஓம் என்றேன். வயலில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் வாய்க்காலையும் வரம்பையும் தவிர வேறெதையும் பார்க்காமல் கிழவனாவதை நினைத்தால் மூச்சு முட்டும்.

போட்டியன்று காலை ரயிலில் கொழும்பிலிருந்து புதுப் பலகை வந்தது. அதைத் துணியால் மூடி எங்கள் கிளப்பில் தொங்கவிட்டார்கள். முல்லைத்தீவுக்காரர் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. இளவயதில் கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாமாவின் கடையில் நின்றபோது கப்பற்காரர்களோடு எறிந்து பழகியவராம். தொப்பியையும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பிக்குக் கை நடுங்குதோ?"

"இல்லை நானா, உங்கடை சம்மாந்துறைச் சாரத்தின்ரை வடிவைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நடுவராக நின்ற எங்கள் கந்தோர் இஞ்சினியர் துணியை எடுத்தார். மேலே பார்த்தேன். இருபது உச்சியில், அதற்கு வலப்பக்கம் ஒன்று. எங்கள் பலகையிலும் அப்படியே. போதும் என்று கோட்டில் போய் நின்றேன். இன்னும் ஒரு விநாடி பார்த்திருக்கலாம். நான் பார்ப்பவன் இல்லை.

என் மூன்று அம்புகளும் இருபதுக்கு இடப்பக்கத்துக் கட்டத்தில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குத்தின. மூன்று பத்தொன்பது, ஐம்பத்தேழு! கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"பதினைஞ்சு," என்றார் இஞ்சினியர்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு. பத்து இருக்க வேண்டிய அடியில் மூன்று.

"சேர், பலகை பிழை. இலக்கம் எல்லாம் குழம்பிக் கிடக்கு."

கூடமே சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, உலகம் முழுக்க இப்பிடித்தான்," என்றார், செத்தவீட்டில் சொல்வதுபோல.

பின்னாலிருந்து ஸ்டோர்கீப்பர் அண்ணையின் குரல்: "ஒழுங்கா ஒண்டுக்குப் பிறகு ரெண்டை வைக்காமல் கொழும்பிலை என்ன வேலை பாக்கிறாங்கள்?"

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. கண் ஒரு பலகையைப் பார்த்தது. கை வேறொரு பலகைக்கு எறிந்தது. பதினைந்து என்று எறிந்தால் பதினொன்று. பதினெட்டு என்று எறிந்தால் பன்னிரண்டு. உச்சியிலிருந்த இருபதும் அதற்குப் பக்கத்து ஒன்றும்தான் இரண்டு பலகைக்கும் பொது. இருபதின் நடுவை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினேன். நானா எப்போதோ இரண்டுக்கு வந்து நின்றுவிட்டார். இரட்டை ஒன்று விழுந்தால் ஆட்டம் அவருடையது. ஆனால் அந்த ஒடுங்கிய வளையம் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அம்பு கம்பிக்கு வெளியே மயிரிழையில் போய் விழுந்தது.

எனக்குப் பன்னிரண்டு மிச்சம். இரட்டை ஆறு வேண்டும்.

ஆறைத் தேடினேன். கிடைத்தது, வலப்பக்கம் நேரே நடுவில். நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஆறு அங்கே, ஆறு அங்கே. முதல் அம்பு வளையத்துக்கு வெளியே போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஓங்கும்போது அண்ணை கத்தினார்: "எங்கடை பலகையை நினைச்சு எறியடா!"

எங்கள் பலகையில் ஆறு ஒரு கட்டம் கீழே. கை அங்கேதான் போனது. எனக்கு நன்றாகத் தெரியும். புதுப் பலகையில் அந்த இடத்தில் இருந்தது பத்து. ஆனால் வியர்வையில் அம்பு விரலில் வழுக்கி ஒரு கட்டம் மேலே ஏறிப்போய், இரட்டை ஆறின் நடுவில் குத்தி நின்றது.

யாரோ என்னைத் தூக்கினார்கள். நானா கையைப் பிடித்துக் காதருகே கேட்டார். "பத்தைப் பாத்து எறிஞ்ச மாதிரி இருந்துது. எப்பிடித் தம்பி ஆறிலை விழுத்தினீர்?"

"சத்தியமா எனக்குத் தெரியேல்லை நானா."

"பெரிய விளையாட்டுக்காரர் இப்பிடித்தான் சொல்லுவினம்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

வீட்டில் ஐயாவுக்கு ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னேன். ஆறென்று நினைத்துப் பத்துக்கு எறிந்தது, அது பிழைத்து ஆறில் விழுந்தது, எல்லாம். வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்தார்.

"அப்ப நீ வெண்டனியோ, தோத்தனியோ?"

"இஞ்சினியர் வெண்டது எண்டு சொல்லிப்போட்டார்."

"உனக்கு என்ன படுது?"

எனக்கு இரண்டும் சரிபோலத்தான் இருந்தது.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்று எழும்பினார்.

கிளப்பில் புதுப் பலகையை முள்முருக்குப் பலகைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார்கள். பழையதை மாற்றி எழுத அண்ணை மறுத்துவிட்டார். தினமும் புதியதில் எறிந்தேன். கண்ணுக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. கை என்ன நினைக்கிறது என்றுதான் தெரியவில்லை.

விதைப்புத் தொடங்கிய கிழமை நான் கொழும்புக்கு ரயிலேற, சேற்றுக்காலோடு ஐயாவும் ஸ்டேசனுக்கு வந்தார். ரயில் அசையத் தொடங்கியதும் யன்னலோடு கூடவே நடந்தார்.

"டேய், அங்கையும் பிழையாவே எறி."

பகிடிச் சிரிப்பா, ஆசீர்வாதமா என்று முகத்தைப் பார்ப்பதற்குள் பெட்டி முன்னே போய்விட்டது. "ஓம் ஐயா," என்று கத்தினேன்.