எத்தனை நாள் லீவு?

மலேசியாவில் வீட்டு வேலை பார்த்துவிட்டு, அறுபதைத் தாண்டியபின் ரங்கூனுக்குத் திரும்பி வந்தேன். லான்மடா பகுதியில் நான்காவது மாடியில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். எதிர்வீட்டில் பர்மாவிலேயே பிறந்த, நேபாளி பேசும் ஒரு கூர்க்காப் பெரியவர். அவரும் மலேசியாவில் காவலாளியாக இருந்து வந்தவர்தான். மாலையில் கரண்ட் போனதும் இருவரும் காற்றுக்காகப் படிக்கட்டில் உட்காருவோம். பர்மியில் பேசுவோம். வீட்டார் காதில் விழக்கூடாததை மட்டும் மலாயில் பேசுவோம்.

ஒருநாள் நேபாளத்து உறவுக்காரர் அனுப்பியதாகச் சொல்லி, போனில் ஒரு நேபாளிக் கவிதையைக் காட்டினார். வரி வரியாகப் பர்மியில் சொன்னார். அயல்நாட்டில் காவல் வேலை பார்த்த கிழவன் ஒருவன் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறான். வீட்டில் எல்லோரும் அவன் பையைச் சுற்றி உட்காருகிறார்கள். பை காலியானதும் பேத்தி கேட்கிறாள், எத்தனை நாள் லீவு என்று. கடைசி வரி, 'பூடோ ஃபர்கியோ'. கிழவன் வீடு வந்து சேர்ந்தான் என்றும் கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றும் கொள்ளலாம். பர்மியில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் என்பதால் அவர் திணறினார். தமிழில் 'கிழவன் திரும்பினான்' என்றால் போதும் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கோ அந்த லீவுக் கேள்விதான் மனதை விட்டுப் போகவில்லை. நான் வந்த அன்று, பெட்டியைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்ததும், தம்பி மகளும் அதையேதான் கேட்டாள்.

பிறகு தெருக் கோயிலில் முதியோருக்கு விருந்து வைத்தார்கள். ஆளுக்கு ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்குப் பாட்டு வராது. இந்தக் கவிதையைத் தமிழில் சொல்லி, கடைசி வரியின் இரண்டு பொருளையும் விளக்கினேன். அந்தக் கேள்விக்குப் பிறகும் கிழவன் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றேன். போக இடமிருந்தால் போயிருப்பான். இருந்த இடத்திலேயே முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தம்பி பெண்டாட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள். "நம்ம வீட்டுப் புள்ள கேட்டது நேபாளிக் கவிதையில எப்படி அண்ணி வரும்? நீங்களாக் கட்டினதுதானே? இனிமே இந்தத் தெருவுல நாங்க எப்படி நடக்கிறது?"

இருப்பதைத்தான் சொன்னேன் என்றேன். தம்பியும் நம்பவில்லை. பெரியவரே படித்துக் காட்டட்டும் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தம்பியும் அவளும் என் பின்னால் வந்து நின்றார்கள். பெரியவர் கதவைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மருமகள் நின்றாள். அந்தக் கவிதையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று பர்மியில் கேட்டேன். பர்மியில் அக்காவை 'அமா' என்பார்கள். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்ன கவிதை, அமா? எனக்கு எதுவும் தெரியாதே."

பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில், மருமகளுக்கு நேபாளி படிக்கத் தெரியும், பார்த்தால் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வாள், அவளிடம்தான் நான் சாப்பிட்டாக வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்றார். என் பின்னால் நின்றவர்களுக்கு மலாய் புரியாது. பர்மியில் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அவர் நிலைமை எனக்குத் தெரியாமலில்லை. இருந்தும் அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. படிக்கட்டில் போய் உட்காருவதையும் விட்டுவிட்டேன்.

வீட்டில் அதற்குப் பிறகு சண்டையே இல்லை. முன்பெல்லாம் குழாயைச் சரியாக மூடவில்லை என்று தம்பி பெண்டாட்டி சத்தம் போடுவாள், துணியை மடித்து வைக்கச் சொல்லுவாள். இப்போது எனக்குத்தான் முதல் சோறு. தட்டைக் கழுவ எழுந்தால், "நீங்க உக்காருங்க அண்ணி" என்று வாங்கிக்கொள்கிறாள். நான் உள்ளே நுழைந்தால் அவள் மகள் பேச்சை நிறுத்திவிடுகிறாள். போன வாரம் மீன் குழம்பில் உப்பு கூடிப்போய் தம்பி கோபித்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, ஊற்றியது முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.